நீர் கொள்ளும் அளவு

தென்பெண்ணையாற்றங்கரையில் அமைந்த மணலூர்பேட்டையைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தார் நன்கு அறிவர். தைத் திங்கள் ஐந்தாம் நாள் அங்கு நடைபெறும் ஆற்றுத் திருவிழா பெயர் பெற்றது. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளி, அன்று பெண்ணையாற்றில் தீர்த்தவாரி காண்பார். ஆற்று மணலெங்கும் மக்கள் திரள்வர். விழா முடிந்தபின் ஊர் தன் இயல்பான அமைதியை மீண்டும் அடையும். கடைத்தெருவும் கழனியும் பள்ளியும் தத்தம் கடமையில் ஈடுபடும்.

மழைக் காலத்தில் ஆற்றில் புதுவெள்ளம் பெருகும்போது நீர் செந்நிறமாய்க் கலங்கி வரும். வீடுதோறும் குழாய் நீர் வாராத காலத்தில், ஆற்றங்கரை ஊர்களில் வாழ்ந்தோர் அந்நீரைக் குடத்தில் முகந்து வைத்து, அதனுள் படிகாரக் கட்டியைச் சில முறை சுழற்றி எடுத்தனர். சிறிது நேரத்தில் சேறு அடியிற் படியும், மேல்நீர் தெளியும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்துத் தெளிவித்தவரும் உண்டு. இக்காரணத்தால், அடுக்களையில் உப்புக்கு ஓரிடம் இருந்ததைப் போலப் படிகாரத்திற்கும் ஓரிடம் இருந்தது.

உப்பும் படிகாரமும் நிறத்தால் ஒத்தவை. இரண்டும் நீரிற் கரைவன. இரண்டையும் பொடித்து அருகருகே வைத்தால், நாவிலிட்டு அறிந்தாலன்றி இன்னது இது எனக் கூறல் அரிது. ஆய்வுக்கூடத்தில் எதனையும் நாவிலிடல் ஆகாது என்பதனை மாணவர் மறத்தலாகாது. தோற்றத்தால் இத்துணை ஒத்த இவ்விரு பொருள்களையும் நீர் ஒரே வகையாக ஏற்பதில்லை. குளிர்ந்த நீரில் எவ்வளவு கரையும், சூடான நீரில் எவ்வளவு கரையும் என்று அளந்து பார்த்தால், இவை இரண்டும் முற்றும் வெவ்வேறு இயல்பின எனத் தெரியவரும். அங்ஙனம் அளந்து பார்ப்பதற்கு வேண்டுவன பெரும்பொருளும் அரிய கருவிகளும் அல்ல. செய்யத் தொடங்குமுன் திட்டம் ஒன்று வகுத்தல் வேண்டும்.

மணலூர்பேட்டையில் பயிலும் மாணவன் ஒருவனும் மாணவி ஒருத்தியும் அறிவியல் கண்காட்சிக்கு ஓர் ஆய்வு செய்யப் புகுந்தனர் எனக் கொள்க. வெப்பநிலைக்கும் கரைதிறனுக்கும் உள்ள தொடர்பு என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். கண்காட்சிக்கு இரண்டு கிழமை இருந்தது. இருவரும் முதற்கண் செய்த செயல் யாது? பெரியதோர் அட்டை வாங்கினர். நான்கு ஓரமும் வண்ணம் தீட்டினர். நடுவில், ‘வெப்பம் ஏறினால் கரைதிறனும் ஏறும்’ என்று கொட்டை எழுத்துகளால் எழுதினர். அதனைத் தம் ஆசிரியரிடம் எடுத்துச் சென்று காட்டினர்.

ஆசிரியர் அட்டையை நெடுநேரம் நோக்கினார். எழுத்தின் அழகைப் பாராட்டினார். பின்னர், “விடையை எழுதிவிட்டீர்கள், வினா எங்கே?” என்று வினவினார்.

மாணவன் தயங்காது விடையிறுத்தான்: “ஐயா, இஃது எல்லாரும் அறிந்ததே. தண்ணீரில் உப்பைப் போட்டால் மெல்லக் கரைகிறது. வெந்நீரில் போட்டால் உடனே கரைந்துவிடுகிறது. வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.”

“பந்தியில் இருவர் உண்கின்றனர். ஒருவர் விரைந்து உண்கிறார். மற்றவர் மெல்ல உண்கிறார். விரைந்து உண்பவரே மிகுதியாக உண்பவர் என்று கூறலாமோ?”

“கூற இயலாது, ஐயா.”

“வெந்நீரில் உப்பு விரைந்து கரைவதைக் கண்டாய். மிகுதியாகக் கரைவதைக் கண்டாயோ?”

மாணவன் வாய் திறவாது நின்றான். மாணவி அட்டையை மெல்லச் சுருட்டத் தொடங்கினாள்.

இவ்விடத்திலேதான் பலரும் தடுமாறுகின்றனர். கரையும் விரைவு வேறு; கரைதிறன் வேறு. உப்பைப் பொடி செய்தால் விரைந்து கரையும். கலக்கினால் விரைந்து கரையும். நீரைச் சூடாக்கினாலும் விரைந்து கரையும். ஆயினும் பொடித்தலும் கலக்குதலும் கரையும் அளவை மாற்றுவதில்லை. கல்லுப்பாயினும் தூளுப்பாயினும், காத்திருக்கும் பொறுமை உடையார்க்கு நீர் ஏற்கும் அளவு ஒன்றே. அவ்வளவுக்கு மேல் ஒரு சிட்டிகை இட்டாலும் அது கரையாது அடியில் தங்கும். அந்நிலையை எய்திய கரைசலுக்குத் தெவிட்டிய கரைசல் என்று பெயர். இக்கலைச்சொல்லை ஆக்கியவர் தமிழின் சுவை அறிந்தவராதல் வேண்டும். இனிப்பை உண்டு உண்டு, இனி வேண்டா என்னும் நிலை வருவதன்றோ தெவிட்டுதல்? நூறு கிராம் நீர் ஒரு குறித்த வெப்பநிலையில் தெவிட்டுவதற்கு எத்தனை கிராம் பொருள் வேண்டுமோ, அத்தனை கிராமே அவ்வெப்பநிலையில் அப்பொருளின் கரைதிறன் ஆகும்.

இவ்வளவும் விளங்கியபின், எப்பொருளை எடுத்து ஆராய்வது என்னும் எண்ணம் எழுந்தது. மாணவி சர்க்கரையை விரும்பினாள். அஃது இயல்பே. அவ்வூரைச் சுற்றிலும் கரும்பு விளைகிறது. மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. ஆலையில் கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பு சேர்த்துக் காய்ச்சித் தெளிவித்து, காற்றழுத்தம் குறைந்த கலங்களில் வற்றச் செய்து, கெட்டியான பாகைக் குளிரவைத்துச் சர்க்கரையைப் படிகமாகப் பிரித்தெடுக்கின்றனர். கரைதிறனைப் பற்றிய அறிவே அத்தொழிலின் உயிர்நிலை. ஆயினும் ஆசிரியர் அதற்கு இசையவில்லை. 20 பாகை செல்சியசில் நூறு கிராம் நீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். கொதிநிலையை அடையும்போது 480 கிராமுக்கும் மேற்பட்ட சர்க்கரையைக் கரைக்கும். அஃது அப்போது நீர் அன்று, பாகு. அடியில் கரையாது நிற்பது உண்டோ இல்லையோ என்று காண்பதே கடினம். மேலும் சூடான பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். அளக்க எளியதும் கைக்குத் தீங்கு விளைக்காததும் ஆகிய பொருளைத் தேர்தல் திட்டத்தின் முதற்படி. எனவே உப்பையும் படிகாரத்தையும் தேர்ந்தனர். உப்பு மளிகைக் கடையிலும் படிகாரம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைத்தன.

அடுத்து அளக்கும் முறை. முகவையில் 50 மில்லி லிட்டர் நீர் எடுத்து, கரண்டி கரண்டியாக உப்பை இட்டுக் கலக்கி, எத்தனையாவது கரண்டியில் கரையாது நிற்கிறது என்று எண்ணலாம் என்றான் மாணவன். கேட்பதற்கு எளிய வழி. ஆயினும் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 30 பாகையில் நூறு கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கும். 60 பாகையில் ஏறத்தாழ 37 கிராம். 50 மில்லி லிட்டர் நீருக்கு இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு அரைக் கிராம் அளவே. தேநீர்க் கரண்டி ஒன்று கொள்ளும் உப்போ ஏறத்தாழ 5 கிராம். அரைக் கிராம் வேறுபாட்டை ஐந்து கிராம் கரண்டியால் காண முயல்வது, நெல் மூட்டை நிறுக்கும் தராசில் பொன் நிறுப்பதை ஒக்கும். கரண்டியை எண்ணியவர் குளிர்நீரிலும் நான்கு, வெந்நீரிலும் நான்கு என்பர். அல்லது கரண்டி சற்றே கோபுரமாய் நிரம்பியதால் வெந்நீரில் ஐந்து என்பர். முன்னமே எழுதிவைத்த அட்டைக்கு ஏற்றது எதுவோ அதனையே மனம் தேர்ந்துகொள்ளும்.

ஆதலின் உப்பிற்கு வேறு முறை வகுத்தனர். அகன்ற பாத்திரமொன்றில் வெந்நீர் நிரப்பி, அதனுள் முகவையை நிறுத்தி வைப்பது. இங்ஙனம் செய்தால் முகவையின் வெப்பநிலை திடீரென ஏறாது, இறங்காது. முகவை நீரில் வேண்டிய அளவுக்கு மேல் உப்பை இட்டு, கால் மணி நேரம் கண்ணாடிக் கோலால் கலக்குவது. வெப்பமானியையே கலக்கும் கோலாகக் கொள்ளும் பழக்கம் மாணவரிடையே உண்டு. அதன் குமிழ் மெல்லிய கண்ணாடியால் ஆனது, எளிதில் உடையும். வாயை மூடிவைப்பதும் வேண்டும். இல்லையேல் கலக்கும் நேரத்தில் நீர் ஆவியாகிச் செல்லும். கரையாத உப்பு அடியிற் படிந்தபின், மேலே நிற்கும் தெளிந்த கரைசலை எடையறிந்த பீங்கான் கிண்ணத்தில் சிறிது எடுத்து நிறுப்பது. பின்னர் நீர் முழுதும் ஆவியாகும்வரை சூடேற்றி, எஞ்சிய உப்பை நிறுப்பது.

கணக்கு எளியதே. கிண்ணத்தின் எடை 40.00 கிராம் என்க. கரைசலோடு 67.20 கிராம். உலர்ந்தபின் 47.20 கிராம். உப்பு 7.20 கிராம், சென்ற நீர் 20.00 கிராம். எனவே நூறு கிராம் நீருக்கு உப்பு 36 கிராம். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பத்தில் ஒரு கிராம் அளவே காட்டும் தராசில் நிறுத்தால், அப்பத்தில் ஒரு பங்கு பிழையே இறுதிக் கணக்கில் அரைக் கிராமாக வளர்ந்து நிற்கும். தேடும் வேறுபாடோ ஒரு கிராம். ஆகையால் மேனிலை வகுப்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த, நூறில் ஒரு கிராம் காட்டும் தராசை ஆசிரியர் கேட்டு வாங்கித் தந்தார்.

இம்முறையையே படிகாரத்திற்கும் கொள்ளலாமே என்று மாணவி கேட்டாள். கொள்ளலாகாது. படிகாரக் கட்டி உலர்ந்ததாகத் தோன்றினும் அதன் படிகத்தினுள்ளே நீர் பிணைந்து கிடக்கிறது. நூறு கிராம் படிகாரத்தில் ஏறத்தாழ 45 கிராமுக்கும் சற்று மேற்பட்டது நீரே. சூடேற்றினால் அது தன்னுள் இருக்கும் நீரிலேயே உருகி, நுரைத்துப் பொங்கி, பொரி போன்ற வெண்பொருளாகும். சித்த மருத்துவர் படிகாரத்தைச் சட்டியிலிட்டுப் பொரித்து எடுப்பது இதுவே. கரைசலை வற்றவைத்து, எஞ்சியதை நிறுத்துப் படிகாரம் இவ்வளவு என்று கூறினால், கிட்டத்தட்டப் பாதி அளவு கணக்கிலிருந்து மறைந்துபோகும். ஒரு பொருளுக்குச் சரியான முறை மற்றொன்றுக்குப் பிழையாவதை இதனால் அறிக.

படிகாரத்திற்கு எதிர்வழியில் சென்றனர். 25 மில்லி லிட்டர் நீரில் 5 கிராம் படிகாரத்தை இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து முழுதும் கரையச் செய்வது. பின்னர் வெளியில் எடுத்து, மெல்லக் கலக்கியபடியே ஆறவிட்டு, முதற்படிகம் மின்னித் தோன்றும் நொடியில் வெப்பநிலையைக் குறிப்பது. அந்த வெப்பநிலையில் அக்கரைசல் தெவிட்டியது என்பது பொருள். அடுத்து 7½ கிராம். அதன்பின் 10 கிராம். இதில் ஒரு தொல்லை உண்டு. படிகாரக் கரைசல் சில வேளைகளில் படிய வேண்டிய வெப்பநிலையைக் கடந்து ஆறியும் படியாமல் அடம் பிடிக்கும். பாலுக்கு உறையிடுவது போல அதற்கு ஒரு சிறு படிகாரத் துணுக்கை இடல் வேண்டும். ஒவ்வோர் அளவையும் மும்முறை செய்து சராசரி காணல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஆசிரியர் வாயாற் கூறி விடவில்லை. ஒரு குறிப்பேட்டில் இருவரையும் எழுதச் செய்தார். மாற்றுவது எது? வெப்பநிலை. அளப்பது எது? கரைந்த அளவு. மாறாது காப்பவை எவை? நீரின் அளவு, பொருளின் தூய்மை, கலக்கும் நேரம். கடையில் விற்கும் தூளுப்பில் அயோடின் கலப்பும் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. கல்லுப்பில் பிற கடலுப்புகள் சிறிதளவு கலந்திருக்கும். எனவே இருவகையையும் கலந்து பயன்படுத்தலாகாது என்பதும் எழுதப்பட்டது. இறுதியாக ஆசிரியர் ஒரு வினாவை எழுதச் சொன்னார்: “நாம் எண்ணியது பொய் என்றால், இவ்வாய்வு அதனைக் காட்டுமா?” இவ்வினாவை எழுதும்போது மாணவன் சிரித்தான். ஆறு நாள் கழித்து அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

படிகாரம் அவர்களைக் கைவிடவில்லை. நூறு கிராம் நீருக்கு 20, 30, 40 கிராம் என்னும் விகிதங்களில் கரைத்தவற்றில், முறையே 34, 44, 51 பாகைகளில் படிகங்கள் தோன்றின. புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்து இணைத்தபோது, கோடு மலைச்சரிவுபோல் எழுந்தது. மேற்கே கல்வராயன் மலையைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அஃது இனிய காட்சியாயிற்று.

உப்போ வேறு கதை. 30 பாகையில் 36.1, 60 பாகையில் 37.0. இடையில் 45 பாகையில் கிடைத்தது 34.9. ஏற வேண்டிய கோடு முதலில் பள்ளத்தில் இறங்கிப் பின்பு ஏறியது. கண்காட்சிக்கு இன்னும் மூன்று நாளே இருந்தன. அட்டையோ வண்ணம் தீட்டி ஆயத்தமாய் இருந்தது.

மாணவன் கூறினான்: “34.9 என்பதை 36.9 என்று திருத்திவிடலாம். ஓர் எண்தானே! யார் அறிவார்?” பின்னர் அவனே, “அல்லது உப்பையே விட்டுவிட்டுப் படிகாரத்தை மட்டும் காட்டலாம்” என்றான்.

அவன் தீயவன் அல்லன். செய்முறைப் பதிவேடு எழுதும் வழக்கம் அவனுக்கு இதனையே பழக்கியிருந்தது. சென்ற ஆண்டு மாணவர் எழுதிய ஏட்டை அருகில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள அளவுகளையே இவ்வாண்டும் எழுதுதல் பல இடங்களில் நடைபெறுவதே. அங்ஙனம் எழுதும் ஏட்டில் பிழையும் இராது, பயனும் இராது. தராசு ஆட, கை நடுங்க, எண் சற்று விலகி நிற்கும் ஏடே உண்மையில் ஆய்வு செய்தவன் ஏடு.

மாணவி வேறு வகையாய் எண்ணினாள். “திருத்துவதற்கு முன், ஏன் குறைந்தது என்று பார்ப்போம்” என்றாள். 45 பாகைக் கரைசலை வற்றவைத்த கிண்ணத்தை அவர்கள் இன்னும் கழுவவில்லை. அதனை உற்று நோக்கினாள். கிண்ணம் இருந்த மேசையின் மீதும், சாராய விளக்கின் அருகிலும் வெண்புள்ளிகள் தெறித்துக் கிடந்தன. தொட்டுப் பார்த்தாள். உப்பு! வற்றும் தறுவாயில் உப்பு வெடித்துச் சிதறும் இயல்புடையது. அன்று நேரமாகிவிட்டது என்று விளக்கின் சுடரைப் பெரிதாக்கி விரைந்து வற்றவைத்தவன் மாணவனே. சிதறிய உப்பு கணக்கில் சேரவில்லை. பிழை உப்பிலும் இல்லை, தராசிலும் இல்லை.

ஆசிரியரிடம் சென்று கூறினர். அவர் 34.9 என்னும் எண்ணை அழிக்கச் சொல்லவில்லை. அதன்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, அருகில் ‘கரைசல் சிதறியது, மீண்டும் செய்க’ என்று எழுதச் சொன்னார். இம்முறை விளக்கின் மேல் நேரே வையாது, கொதிநீர் ஆவியின் மேல் கிண்ணத்தை வைத்து மெல்ல வற்றவைத்தனர். கிடைத்த அளவு 36.5. மூன்று புள்ளிகளையும் இணைத்தபோது கோடு பெரும்பாலும் கிடையாகவே சென்றது. மலை இல்லை; ஆற்றுமணல் போன்ற சமவெளிதான்.

அட்டையில் எழுதிய வாசகம் இப்போது பாதி பொய்யாயிற்று. மாணவன் வாடிய முகத்துடன், “உப்பின் கோட்டைக் காட்டினால், ஆய்வு தோற்றுவிட்டது என்று எல்லாரும் எண்ணுவார்களே, ஐயா!” என்றான்.

“கிடையான கோடும் விடையே. அவ்விடையால் பிழைத்த மக்கள் பலர்” என்று கூறி, ஆசிரியர் இரண்டு தொழில்களை எடுத்துரைத்தார்.

முதலாவது, மரக்காணத்து உப்பளம். விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள அவ்வளங்களில் உப்பு நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் காயவிடுகின்றனர். நூறு கிராம் கடல்நீரில் ஏறத்தாழ 3½ கிராம் உப்புகளே உண்டு. நீரில் பத்தில் ஒன்பது பங்கு வெயிலுக்கும் காற்றுக்கும் சென்றபின்னரே சோற்றுப்பு படியத் தொடங்கும். நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றிச் சென்று உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்க நூல்கள் கூறுகின்றன. அவர்கள் காலத்தும் இக்காலத்தும் உப்பு விளைவிப்போர் வெயிலையே நம்பியுள்ளனர். ஏன்? சூடான உப்புக் கரைசலைக் குளிரவைத்தால் படிவது மிகச் சிறிதே. குளிரால் ஆகாதது, நீரைப் போக்குவதால் ஆகிறது. அக்கிடையான கோடே உப்பளத்தின் முறையை வகுத்தது.

இரண்டாவது, வெடியுப்பு. வெடிமருந்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெடியுப்பே. 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகக் குழுவினர் பீகாரிலிருந்து அதனைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றனர். அங்கு நோனியா என்னும் வகுப்பார் ஊர்ப்புறத்து உவர்மண்ணைச் சேர்த்து, நீர் ஊற்றி வடித்து, அவ்வடிநீரைக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தனர். வடிநீரில் வெடியுப்போடு சோற்றுப்பும் கலந்தே இருக்கும். இரண்டையும் எங்ஙனம் பிரிப்பது? 20 பாகையில் நூறு கிராம் நீர் ஏறத்தாழ 32 கிராம் வெடியுப்பைக் கரைக்கும். 60 பாகையில் 110 கிராம். கொதிநிலையில் 246 கிராம். சோற்றுப்போ 36 கிராமிலிருந்து 39 கிராமுக்கு மேல் ஏறுவதில்லை. எனவே சூடான கரைசலை ஆறவிட்டால் வெடியுப்புப் படிகமாகக் குவியும். சோற்றுப்பு பெரும்பாலும் நீரிலேயே நிற்கும். ஒரு கோடு மலையாகவும் மற்றொன்று சமவெளியாகவும் இருப்பதனாலேயே இப்பிரிவு இயன்றது. இரண்டும் மலையாக இருந்திருப்பின் இரண்டும் சேர்ந்தே படிந்திருக்கும்.

நோனியாக்கள் கைப்பழக்கத்தால் அறிந்ததனைக் கோடுகளாக வரைந்து காட்டியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் கே-லுசாக். 1819 இல் அவர் பல உப்புகளின் கரைதிறனை அளந்து வெளியிட்டார். அவற்றுள் சோடியம் சல்பேட்டு என்னும் உப்பு ஏறத்தாழ 32 பாகை வரையில் விரைந்து ஏறி, அதன்பின் இறங்கத் தொடங்கியது. அவரும் ஒரு வாசகத்தை முன்னரே எழுதிவைத்துக்கொண்டு அளந்திருப்பின், அவ்விறக்கத்தைக் கைப்பிழை என்று தள்ளியிருக்கக் கூடும்.

இவற்றைக் கேட்டபின் மாணவி ஐயம் ஒன்று எழுப்பினாள்: “ஏறுவது உண்டு, நிற்பது உண்டு, ஏறி இறங்குவதும் உண்டு. தொடக்கம் முதலே இறங்குவது உண்டோ?”

உண்டு, அவள் வீட்டிலேயே உண்டு. சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் 20 பாகையில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 0.17 கிராம் சுண்ணாம்பே கரைந்திருக்கும். கொதிநிலையில் அதிற் பாதியும் கரைந்திராது. வளிகளும் அவ்வாறே. 20 பாகையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய உயிர்வளி ஏறத்தாழ 9 மில்லி கிராம். 30 பாகையில் 7½ மில்லி கிராம். கோடையில் ஆறு வற்றி ஆங்காங்கே மடுக்களில் நீர் தேங்கும்போது, விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை ஆற்றங்கரைப் பிள்ளைகள் கண்டிருப்பர். நீர் சூடேறியிருத்தல் அதன் காரணங்களுள் ஒன்று.

பழைய அட்டையைத் திருப்பி, வெறுமையாய் இருந்த பின்புறத்தில் புதிதாக எழுதினர். ‘வெப்பம் ஏறினால் கரைதிறன் என்னாகும்?’ என்பது தலைப்பு. அதன்கீழ் இரண்டு கோடுகள். உப்பின் கோட்டருகே, அடித்துவிட்ட 34.9 உம் அதன் காரணமும் சிறிய எழுத்தில் இடம்பெற்றன. அவ்வாறு எழுதியவன் மாணவனே.

கண்காட்சிக்கு முன்னாள் மாலையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்தனர். ஒன்றில் 60 பாகையில் தெவிட்டிய உப்புக் கரைசல். மற்றொன்றில் அதே வெப்பநிலையில் தெவிட்டிய படிகாரக் கரைசல். இரண்டையும் மூடி மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றனர். மறுநாட் காலையில் வந்து பார்த்தபோது, உப்புக் குப்பியின் அடியில் சில மணிகளே கிடந்தன. படிகாரக் குப்பியிலோ பாதிக்குமேல் படிகங்கள் அடர்ந்து, சாளரத்து வெயிலில் ஒளிர்ந்தன. காண வந்த சிறுவர் அனைவரும் படிகாரக் குப்பியையே சூழ்ந்து நின்றனர். மாணவன் அவர்களை விலக்கி, உப்புக் குப்பியை முன்னே நகர்த்தி வைத்தான். “முதலில் இதைப் பாருங்கள்” என்றான்.

அவர்களுக்குப் பின்னால் மாணவி, சோதனைக்குழாயில் தெளிந்த சுண்ணாம்பு நீரை எடுத்து விளக்கின்மேல் மெல்லக் காட்டிக்கொண்டிருந்தாள். சூடேற ஏற நீர் வெளிறிக் கலங்கியது. அவள் குறிப்பேட்டைத் திறந்து, புதிய பக்கத்தில், மாற்றுவது எது, அளப்பது எது என்று எழுதத் தொடங்கினாள்.